பூப்போட்ட தீட்டுக்கல்

வந்தவன் தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தான். ராஜரத்தினத்தின் முதல் சந்தேகம் அதில்தான் விழுந்தது. அவ்வளவு கட்டையாக மயிர் வெட்டிய ஒருவன், திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நெடுங்கேணிச் சந்தியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இரண்டு பெரிய சலூன்களைத் தாண்டி, ஒற்றைக் கதிரை போட்ட இந்தச் சலூனுக்குள் எதற்கு வரவேண்டும்? அங்கே ஏசி இருக்கிறது, பாட்டுப் போடுகிறார்கள். இங்கே ராஜரத்தினமும் ஒரு மேசைக் காற்றாடியும்தான்.

"சேவ் எடுக்கோணும் அண்ணை" என்று சொல்லி அவன் கதிரையில் சாய்ந்தான்.

சந்தேகப்படுவதில் ராஜரத்தினத்தை வெல்ல அந்த வட்டாரத்தில் ஆளில்லை. மனைவி சிவலட்சுமி பால்தேத்தண்ணியில் சீனி கூடப் போட்டாலே "என்ன விசயம்?" என்று கேட்கிற மனுசன். ஆனால் அவரில் மட்டும் பிழை சொல்லவும் முடியாது. எட்டு வயதில், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் எரிந்த லயத்து வீட்டை விட்டு லொறியில் வந்து இந்தக் காட்டோரத்தில் இறங்கியவர். அதற்குப் பிறகும் ஐந்து தரமோ ஆறு தரமோ மூட்டை கட்டியவர். கேள்வி கேட்கிறவனுக்குப் பின்னால் எங்கேயோ ஒரு பைல் இருக்கும் என்பது அவர் பட்டு அறிந்தது.

நுரை பூசி, புது பிளேட்டை மாட்டும்போதே கவனித்துவிட்டார். வந்தவனின் கண் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்குக் கீழே தட்டில் கிடந்த கல்லைப் பார்த்தது.

"அண்ணை, உது தீட்டுக்கல்லோ?"

"ஓம் தம்பி. சும்மா கிடக்குது."

"சவரக்கத்தி வச்சிருக்கிறீங்களோ?"

"சேச்சே! இப்ப எல்லாருக்கும் பிளேட்தான்."

அது முக்கால் உண்மை. சுகாதாரப் பரிசோதகர் வந்து சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து கடையில் ஆளுக்கொரு பிளேட். மடக்குக் கத்தி மேசை லாச்சிக்குள் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே ஒருவருக்காக மட்டும் அது வெளியில் வரும்: பக்கத்துக் காணிப் பொன்னையா. பிளேட் பட்டால் பொன்னையாவின் கழுத்து முழுக்கப் பரு போட்டுவிடும். நேற்று அவரை வழித்துவிட்டுக் கத்தியை உள்ளே வைத்த ராஜரத்தினம் கல்லை வைக்க மறந்துவிட்டார். தன் புத்தியைத் தானே மனதுக்குள் திட்டிக்கொண்டார். கத்தி இல்லாத ஆளுக்குத் தீட்டுக்கல் எதற்கு என்று வந்தவன் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் ராஜரத்தினத்துக்கு இன்னும் பயம்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பியவன் நேரே கல்லிடம் போனான். "பாக்கலாமோ?" என்று கேட்டதும் தூக்கியதும் ஒன்றாகத்தான் நடந்தது. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கல்லில் இரண்டு சொட்டு விட்டான். சொட்டு அப்படியே முத்தாக நின்றது. கல் அதைக் குடிக்கவில்லை. பெருவிரல் நகத்தை மெல்ல இழுத்துப் பார்த்தான். வாயால் ஊதிவிட்டு முகர்ந்து பார்த்தான். பிறகு பையிலிருந்து, நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கிற சின்னப் பூதக்கண்ணாடியை எடுத்தான்.

பூதக்கண்ணாடியைக் கண்டதும் ராஜரத்தினம் மனதுக்குள் கணக்குப் போட்டார். சுகாதாரக்காரன் பூதக்கண்ணாடி கொண்டுவர மாட்டான். பொலிஸ்காரன் கல்லை முகர்ந்து பார்க்க மாட்டான். அப்படியென்றால் இவன் மூன்றாவது வகை.

"இது இந்தப் பக்கத்துக் கல்லில்லை அண்ணை" என்றான் அவன். "இஞ்ச கிடக்கிறதெல்லாம் கருங்கல்லு, மணிமணியா இருக்கும். இது மாவு மாதிரி. அந்தக் காலத்தில ஆரோ தூரத்திலயிருந்து கொண்டுவந்து இறக்கியிருக்கினம்."

ராஜரத்தினத்துக்குச் சுருக்கென்றது. இந்தப் பக்கத்து ஆளில்லை, கொண்டுவந்து இறக்கினது. இதே சொல்லை அவரைப் பார்த்தும் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள்.

"எங்க எடுத்தனீங்கள்?"

"வவுனியாவில வாங்கினது."

"கடைக்கல்லில கிரைண்டர் தடம் இருக்காது அண்ணை. பெரிய கல்லொண்டில இருந்து வெட்டியிருக்கு." அவன் போனை எடுத்து இரண்டு படம் பிடித்தான். "மிச்சக் கல்லு எங்க?"

ராஜரத்தினத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. "எனக்கென்ன தெரியும் தம்பி? பக்கத்துக் காணிப் பொன்னையா தந்தது. அவற்ற காணியிலதான் உப்பிடிக் கல்லுகள் கிடக்குது."

வந்தவன் சின்னக் கொப்பியொன்றில் எழுதினான். பொன்னையா. எழுதி முடித்து, அடுத்த கிழமைக்குள் திரும்பவும் வாறன் என்று சிரித்துவிட்டுப் போனான். பேர் என்ன, ஊர் என்ன என்று ஒரு வார்த்தை கேட்க ராஜரத்தினத்துக்கு வாய் வரவில்லை. சிநேகிதனின் பேரைச் சொல்வதற்கு மட்டும் வந்தது.

இந்தக் கல்லின் கதை உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். சண்டை முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்த அடுத்த வருசம் பற்றை வெட்டும்போது, ராஜரத்தினத்தின் கிணற்றடியில் ஒரு பலகைக்கல் அகப்பட்டது. பச்சை கலந்த சாம்பல் நிறம். பொன்னையாவும் ஒரு கை பிடித்து அலவாங்கால் புரட்டினார். அடிப்பக்கத்தில் வரிசையாகத் தாமரை இதழ் செதுக்கியிருந்தது. அதே கிழமை பொன்னையாவின் மாட்டுக்கொட்டிலடியில் சதுரம் சதுரமாகப் பட்டை தீட்டிய தூணொன்றும் வெளிப்பட்டது.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பக்கத்துக் கிராமமொன்றில் வயலுக்குள் செதுக்கிய கல் கிடந்ததென்று தொல்பொருள் திணைக்களத்து ஆட்கள் வந்து அளந்து எல்லை போட்ட கதை இருவருக்கும் தெரியும். அந்தச் சனம் அதற்குப் பிறகு அந்த வயலில் கால் வைக்கவில்லை. ராஜரத்தினத்திடமும் பொன்னையாவிடமும் காணி உறுதி கிடையாது. பெர்மிட் கடதாசி மட்டும்தான். கல்லுக்குச் சொந்தக்காரர் வந்தால் கடதாசி நிற்குமா? இதழை மண்பார்க்கக் கவிழ்த்து உடுப்புத் தோய்க்கிற கல்லாக்கினார்கள். தூணில் பொன்னையா மாடு கட்டினார். ஒரே லொறியில், ஒரே படங்குக்குக் கீழே வந்தவர்கள். "மூச்சு விடக்கூடாது மச்சான்" என்று கைபிடித்துச் சொன்னதோடு அந்தக் கதை முடிந்தது.

தோய்க்கிற கல் தீட்டுக்கல்லானது தற்செயல். அதற்கு முன்னால் ராஜரத்தினம் ஹாட்வெயார்க் கடையின் இருபக்கக் கல்லில் தீட்டிப் பார்த்தார். அது மண்வெட்டிக்குச் சரி, சவரக்கத்தியின் வாயைப் பல்லுப் பல்லாக்கியது. வவுனியாவில் ஒரு தச்சரிடம் எண்ணெய்க்கல் வாங்கினார். உளிக்கு நல்லது, கன்னத்தில் மயிரைப் பிடுங்கியது. ஒருநாள் கிணற்றடியில் நின்றபடி சும்மா அந்தப் பலகைக்கல்லில் கத்தியைப் படுக்கவைத்து இழுத்தார். சத்தமே இல்லை. கத்தியைக் கல் இழுத்துப் பிடிப்பது கையில் தெரிந்தது, காதில் கேட்கவில்லை. கிரைண்டரால் மூலையொன்றை வெட்டி எடுத்தார். அதை நனைத்து, அதே கல்லின் துண்டால் தேய்த்தால் பால்போலக் கலங்கல் ஊறும். அந்தப் பாலில் முப்பது இழுவை, பிறகு கழுவிவிட்டுச் சுத்தத் தண்ணீரில் கத்தியின் பாரம் மட்டும் படும்படி இருபது, கடைசியில் தோல்வாரில் தீட்டல். அடுத்த ஞாயிறு பொன்னையா கதிரையில் கண்ணை மூடியபடி, "கல்லு மாத்தினியோ? முகத்தில கை வச்ச மாதிரி இருக்கு" என்றார். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் வழித்துக்கொள்வார்.

அன்று ராஜரத்தினம் மத்தியானமே கடையைப் பூட்டினார். குசினிக்குள் நின்ற சிவலட்சுமியிடம் கட்டை மயிரையும் பூதக்கண்ணாடியையும் படம் பிடித்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னார். பொன்னையாவின் பேரைச் சொன்னதை மட்டும் விழுங்கிவிட்டார்.

"இஞ்சருங்கோ, யோசிச்சுக்கொண்டு இருக்கிற நேரமே இது?" என்றாள் சிவலட்சுமி. "கிணத்துக்க போடுங்கோ. தண்ணிக்குள்ள ஆர் படம் பிடிக்கிறது?"

பின்னேரம் இரண்டு பேருமாக அலவாங்கு போட்டு நெம்பிப் பலகைக்கல்லைக் கிணற்றுக்குள் தள்ளினார்கள். விழுந்த சத்தத்துக்கு மரத்தில் இருந்த கொக்கெல்லாம் எழும்பியது. பிறகு ராஜரத்தினம் மடியிலிருந்து தீட்டுக்கல்லை எடுத்தார். அதைப் போடக் கை வரவில்லை. ஒருதரம் விரலால் தடவினார். அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு விட்டார்.

பொன்னையாவுக்கு ஒரு சொல் சொல்ல வேண்டாமா? செவ்வாய்க்கிழமை விடியக் காலமை வேலிக்கரைக்குப் போனார். பொன்னையா மாட்டுக்கொட்டிலடியில் மண் கொத்திக்கொண்டு நின்றார். எப்போதும் "என்ன மச்சான்" என்று வேலிக்கு வருகிற ஆள், அன்று நிமிரவேயில்லை.

"ஆரும் வந்தவையே உன்னட்ட?"

"ஆர் வாறது?" என்றார் பொன்னையா, மண்ணைப் பார்த்தபடி. "எனக்குக் கொஞ்சம் காய்ச்சல் மச்சான். பிறகு கதைப்பம்."

காய்ச்சல்காரன் விடியக் காலமை மண் கொத்துவானா? ராஜரத்தினம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். மாடு பூவரசில் கட்டியிருந்தது. தூண் நின்ற இடத்தில் புது மண். கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பிவிட்டார்.

அன்றும் மறுநாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தேத்தண்ணிக் கடையில், கட்டைமயிர்க்காரன் இரும்படிக்கிற கொல்லனிடமும் மேசனிடமும்கூடக் கல் விசாரித்தானாம் என்று கதைத்தார்கள். திங்கட்கிழமை பின்னேரம் பொன்னையாவின் வீட்டுப் பக்கமும் போனானாம். போனவன் முக்கால் மணித்தியாலம் இருந்தானாம். பிளேன்ரீயும் குடித்தானாம். முக்கால் மணித்தியாலம் பொன்னையா என்ன கதைத்தார்? வந்த ஆளுக்கு பிளேன்ரீ கொடுத்தவர், நாற்பத்தேழு வருசச் சிநேகிதனுக்கு மட்டும் ஏன் ஆரும் வரவில்லை என்று பொய் சொன்னார்? ராஜரத்தினம் மனதுக்குள் பொன்னையாவை விசாரித்து, குற்றம் கண்டு, தண்டனையும் கொடுத்துவிட்டார். தன் வழக்கை மட்டும் எடுக்கவேயில்லை.

வியாழக்கிழமை அவன் திரும்பி வந்தான். இந்தமுறை கையில் ஒரு மரப்பெட்டி. மேசையில் வைத்துத் திறந்தான். நான்கு சவரக்கத்தி, மூன்று கல்.

"அண்ணை, நான் கொலின்ஸ். முல்லைத்தீவு. மரியநேசன் சம்மாட்டியாற்ற மகன். கப்பலில சமையல்காரனாப் பதின்மூண்டு வருசம் நிண்டனான். எனக்கும் பிளேட் ஒத்துவராது. போற போற துறைமுகத்தில பழைய சாமான் சந்தையில கத்தியும் கல்லும் தேடுறதுதான் என்ர பைத்தியம். மனுசி பெட்டியைத் தூக்கிக் கடலில போடப்போறன் எண்டு நிக்கிறா."

நல்லாக் கதை கட்டுகிறான் என்று நினைத்தார் ராஜரத்தினம். கொலின்ஸ் கதையை விட்டுவிட்டு ஒரு கல்லை நனைத்தான். கத்தியை விரித்து, முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படியப் படுக்கவைத்தான். விரல் நுனியால் முன்னுக்குத் தள்ளினான். கல்லின் கடைசியில், வாயைக் கல்லில் படவிடாமல் முதுகில் உருட்டித் திருப்பி, மறுபக்கமாகக் கொண்டுவந்தான். தூக்கவில்லை, அமுக்கவில்லை. பத்து இழுவைக்கொருதரம் புறங்கை மயிரில் வைத்துப் பார்த்தான். திருப்தியில்லாமல் தலையாட்டிவிட்டுத் திரும்பவும் தொடங்கினான். ராஜரத்தினம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். எந்தத் திணைக்களமும் ஒருவனுக்கு இப்படிக் கை பழக்கிவிட்டு அனுப்பாது. அப்படியென்றால் இவன் சொல்வது உண்மைதான்.

"பாத்தீங்களோ, என்னட்ட இருக்கிற கல்லுகள் இவ்வளவுதான் போகும். கடைசி இழுவைக்கு உங்கட கல்லு மாதிரி ஒண்டு வேணும். ஒரு விரலளவு துண்டு போதும் அண்ணை. பொன்னையா ஐயாட்டப் போனனான். நீங்கள் அனுப்பினதெண்டு சொன்ன பிறகுதான் மனுசன் வாயே திறந்தார். தன்ர காணியில கல்லே இல்லையாம். உங்கட கிணத்தடியிலதானாம் கிடக்கு. பூவும் வெட்டியிருக்காம்."

ராஜரத்தினத்துக்கு முதலில் வந்தது கோபம். பொன்னையா பூவைச் சொல்லிவிட்டானா! தான் சொன்னது வெறும் பேர். அவன் சொன்னது பூ. அவருடைய தராசில் பூ பெரிதாகக் கனத்தது. அந்தக் கோபத்துக்குள்ளேயே இன்னொன்றும் மெல்ல விளங்கியது: திங்கட்கிழமை பின்னேரத்திலிருந்து பொன்னையாவுக்குத் தெரியும், முதலில் யார் யாரைக் காட்டிக்கொடுத்தது என்று.

"கல்லு உடைஞ்சு போச்சு தம்பி" என்றார். "தூள் தூளாப் போச்சு."

கொலின்ஸின் முகம் விழுந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. தட்டில் இப்போது ஹாட்வெயார்க் கல் கிடந்தது. அதைத் தட்டிப் பார்த்து, "உதில கத்தி தீட்டாதேங்கோ அண்ணை. ஆற்றையும் கழுத்தை வெட்டிப்போடுவியள்" என்றான். தன் பெட்டியிலிருந்து ஒரு கல்லை எடுத்து நீட்டினான். "இதை வச்சிருங்கோ. பிறகு வந்து எடுக்கிறன்."

பிறகு வந்து எடுக்கிறன் என்றதில் ராஜரத்தினத்தின் கை பின்வாங்கியது. கல்லை எடுக்க வருகிறவன் கிணற்றடியையும் பார்ப்பான். "வேண்டாம் தம்பி, எனக்கு இப்ப எல்லாம் பிளேட்தானே" என்றார். கொலின்ஸ் பெட்டியைப் பூட்டிக்கொண்டு போனான். சலூன் வாசலில் நின்று, அவன் போன பக்கத்தைப் பார்த்தபடி, நல்ல மனுசன் என்று ராஜரத்தினம் வாய்விட்டுச் சொன்னார். கேட்க ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொன்னையா வரமாட்டார் என்றுதான் நினைத்தார். ஆனாலும் சனிக்கிழமை முழுக்க ஹாட்வெயார்க் கல்லின் மெல்லிய பக்கத்தில் கத்தியோடு மல்லுக்கட்டினார். சவர்க்காரத் தண்ணீர் விட்டுப் பார்த்தார், அமுக்காமல் இழுத்துப் பார்த்தார். கல் கரகரவென்று கத்திக்கொண்டே இருந்தது. தோல்வாரில் அறுபது தரம் போட்டும் புறங்கை மயிர் ஒன்று வெட்டுப்பட்டால் இரண்டு படுத்துக்கொண்டது.

எட்டு மணிக்குப் பொன்னையா வந்தார். எப்போதும்போலச் சாரத்தை மடித்துக்கொண்டு கதிரையில் ஏறினார். காலநிலை பற்றி இரண்டு சொல், மாட்டைப் பற்றி ஒரு சொல். ராஜரத்தினம் துவாயைக் கட்டினார், நுரை பூசினார், கத்தியை விரித்தார். கண்ணாடியைப் பார்த்தார். பதின்மூன்று வருசத்தில் முதல்தரமாகப் பொன்னையாவின் கண் திறந்திருந்தது. கத்தி போகிற இடமெல்லாம் அந்தக் கண்ணும் போனது.

எதற்கு வந்திருக்கிறான்? என் வாயைக் கிளறவா? கிணற்றை விசாரிக்கவா? கன்னம் முடிந்து கழுத்துக்கு வந்தது கத்தி. இடது கையால் தோலை இழுத்துப் பிடித்தார். தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் நாடி துடிப்பது விரலில் தெரிந்தது. இவ்வளவு வேகமாக இது ஒருநாளும் துடித்ததில்லை. அப்போதுதான் ராஜரத்தினத்துக்கு உறைத்தது: இவன் என்னைப் பார்த்துப் பயப்படுகிறான். பயந்துகொண்டே வந்து கழுத்தைக் கொடுத்துக்கொண்டு இருக்கிறான்.

கத்தி இடறியது. வெள்ளை நுரையில் சிவப்பாக ஒரு கோடு ஊறியது.

பொன்னையா அசையவில்லை. கண்ணாடிக்குள்ளால் பார்த்தபடி கேட்டார்: "கல்ல மாத்திப்போட்டியோ மச்சான்?"

"ஓம்."

"பழையது?"

"கிணத்துக்க."

பொன்னையா வாயோரத்து நுரையைப் புறங்கையால் துடைத்தார். "தூணை மண்ணுக்க தாட்டனான். பிறகு அதுவும் பயமாக் கிடந்துது. இழுத்துக்கொண்டுபோய்க் கிணத்துக்க தள்ளினனான். இப்ப வாளி போட்டா இடிக்குது."

சிரிப்பதா அழுவதா என்று ராஜரத்தினத்துக்குத் தெரியவில்லை. படிகாரத்தை நனைத்து வெட்டில் வைத்து அமுக்கினார்.

"முதல் உன்ர பேரைச் சொன்னது நான்தான் மச்சான்."

"தெரியும். பூவைச் சொன்னது நான். கோவத்தில சொன்னனான்." பொன்னையா படிகாரம் எரித்ததில் பல்லைக் கடித்துக்கொண்டார். "தெரிஞ்சுதானே வந்து இருக்கிறன். மற்றப் பக்கத்தையும் வழி. சவுக்காரம் காயுது."

ராஜரத்தினம் கத்தியைத் தோல்வாரில் இன்னும் பத்துத் தரம் போட்டுக்கொண்டு வந்தார். பொன்னையா முகவாயை உயர்த்திக் கழுத்தைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டார்.